சாலிட்வொர்க்ஸா, சாலிட் எட்ஜா, இன்வென்டரா? சிறு நிறுவனங்கள் ‘கேட்’ சாஃப்ட்வேர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் இருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போகிறவர்கள், ஒரே பயணத்தில் இரண்டு விதமான தொழிலைப் பார்க்கலாம். புறப்படும் ஊரில் பட்டுத்தறி. போய்ச் சேரும் இடத்தில் கார், லாரி, பைக் ஆலைகள். இந்த ஆலைகளை நம்பி பிராக்கெட், ஜிக், ஃபிக்ஸ்சர், கன்வேயர், ஷீட் மெட்டல் பெட்டி என்று செய்து கொடுக்கும் சின்னச் சின்ன நிறுவனங்கள் ஏராளம். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்ப்பார்கள். அதில் டிசைனர் இரண்டு அல்லது மூன்று பேர். ஆட்டோகேடில் 2டி டிராயிங் போட்டே பல வருஷம் ஓட்டியிருப்பார்கள்.

ஒரு நாள் கஸ்டமரிடம் இருந்து மெயில் வரும். ‘3டி மாடல் அனுப்புங்க.’

அன்றைக்குத் தொடங்கும் குழப்பம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். எந்த கேட் (கணினி வழி வடிவமைப்பு) சாஃப்ட்வேர் வாங்குவது? ஒரு சீட்டுக்கு லட்சக்கணக்கில் செலவாகிற முடிவு இது. பணத்தைவிடப் பெரிய சிக்கலும் இதில் உண்டு. அடுத்த பத்து வருஷத்துக்கான டிராயிங்குகள் எல்லாம் அந்த ஒரு சாஃப்ட்வேரின் ஃபைலாகத்தான் சேரப்போகின்றன. பிறகு மாற நினைத்தால் சுலபமாக மாற முடியாது.

நெசவாளர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 240 கொக்கி ஜக்கார்டு பெட்டிக்காகக் குத்திய அட்டையை வேறு அளவு பெட்டியில் அப்படியே மாட்டி ஓட்ட முடியாது. டிசைன் அதேதான், ஆனால் அட்டையைத் திரும்பக் குத்த வேண்டும். கேட் ஃபைலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

நடுத்தர கேட் என்றால் என்ன?

மெக்கானிக்கல் டிசைன் சாஃப்ட்வேர்களில் மேல்தட்டில் இருப்பவை கேட்டியா, சீமென்ஸ் என்எக்ஸ். பிடிசி நிறுவனத்தின் கிரியோவையும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வைப்பார்கள். ஒரு முழுக் காரையோ விமானத்தையோ வடிவமைக்கும் நிறுவனங்களுக்கானவை இவை. கீழ்த்தட்டில் 2டி டிராயிங் சாஃப்ட்வேர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், ஆட்டோடெஸ்க் இன்வென்டர். சிறு, நடுத்தர நிறுவனங்கள் கடைசியில் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான்.

மூன்றும் 1990-களில் வந்தவை. சாலிட்வொர்க்ஸ் நிறுவனத்தை 1993-ல் அமெரிக்காவில் தொடங்கியவர் ஜான் ஹிர்ஷ்டிக். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து மாணவர்கள் நடத்திய பிரபலமான பிளாக்ஜாக் சீட்டாட்டக் குழுவில் இருந்தவர் அவர். அதில் சம்பாதித்த பணத்தைத்தான் கம்பெனியில் போட்டார் என்பார்கள். 1995-ல் முதல் பதிப்பு வந்தது. 1997-ல் கேட்டியாவின் உரிமையாளரான பிரான்சின் டசால்ட் சிஸ்டம்ஸ் அதை வாங்கிவிட்டது. சாலிட் எட்ஜை 1996-ல் வெளியிட்டது இன்டர்கிராஃப். 1998-ல் அது யூஜிஎஸ் கைக்குப் போனது. 2007-ல் யூஜிஎஸ்ஸையே சீமென்ஸ் வாங்கியதால் இன்று சீமென்ஸ் வசம் இருக்கிறது. ஆட்டோகேடின் தாய் நிறுவனமான ஆட்டோடெஸ்க் இன்வென்டரைக் கொண்டுவந்தது 1999-ல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 3டி வடிவத்தைக் கணக்குப் போடும் உள் இன்ஜினுக்கு ‘கெர்னல்’ என்று பெயர். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ் இரண்டும் பயன்படுத்துவது பாராசாலிட் என்ற ஒரே கெர்னலை. அதன் சொந்தக்காரர் சீமென்ஸ். அதாவது சாலிட்வொர்க்ஸ், தன் நேரடிப் போட்டியாளரிடம் லைசென்ஸ் வாங்கித்தான் ஓடுகிறது. டீலர்கள் ‘எங்க சாஃப்ட்வேரில் மாடலிங் வேற லெவல்’ என்று சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பிராக்கெட் வரைவதிலோ, துளை போடுவதிலோ, அசெம்பிளி சேர்ப்பதிலோ இந்த மூன்றுக்கும் இடையே தொழிலைப் பாதிக்கிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது.

கஸ்டமர் எந்த ஃபைல் அனுப்புகிறார்?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

ஒரகடம் சுற்றுவட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ரெனோ, நிஸான் இரண்டும் சேர்ந்து 2010-ல் இங்கே ஆலையைத் திறந்தன. ரெனோ பல வருஷமாக டசால்ட் பக்கம், அதாவது கேட்டியா. நிஸான் என்எக்ஸ் பக்கம். ஒரே வளாகத்தில் இரண்டு உலகம். பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டெய்ம்லர் ஆலை 2012-ல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2010 நவம்பரில், ஜெர்மனியின் டெய்ம்லர் தலைமையகம் கேட்டியாவை விட்டுவிட்டு சீமென்ஸ் என்எக்ஸுக்கு மாறப்போவதாக அறிவித்திருந்தது. அப்போது உலகம் முழுக்க வாகனத் துறையில் பேசப்பட்ட செய்தி அது. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாயும் நீண்ட நாள் கேட்டியாவில் இருந்து, பிறகு சீமென்ஸ் தளத்தைத் தேர்ந்தெடுத்தது.

கஸ்டமர்களே சாஃப்ட்வேர் மாற்றுகிறார்கள் என்பதுதான் இதில் தெரியும் விஷயம். ‘அவங்க கேட்டியா, நாமும் கேட்டியா வாங்கிடுவோம்’ என்று பெரிய தொகை போட்டு வாங்குவது எல்லா நேரமும் புத்திசாலித்தனம் ஆகாது. நேரடியாக கேட்டியா அல்லது என்எக்ஸ் ஃபைலிலேயே வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வேறு வழியில்லை, அதைத்தான் வாங்க வேண்டும். ஜிக், ஃபிக்ஸ்சர், மெட்டீரியல் ஹேண்ட்லிங் போன்ற வேலைகளில் பெரும்பாலும் ஸ்டெப் ஃபைல் போதும்.

ஸ்டெப் என்பது ஐஎஸ்ஓ 10303 என்ற சர்வதேசத் தரம். எந்த கேட் சாஃப்ட்வேரும் திறக்கும். ஆனால் அதில் வடிவம் மட்டும்தான் வரும். எந்த வரிசையில் வரைந்தார்கள், எந்த அளவு எதைச் சார்ந்தது என்ற வரலாறு வராது. சமைத்த குழம்பு கைக்கு வரும், சமையல் குறிப்பு வராது. கஸ்டமர் ‘இந்தத் துளையை 5 மில்லிமீட்டர் தள்ளுங்க’ என்றால், அந்தத் துளையைப் போட்ட ஸ்டெப்பை டிசைனரால் தேடிப் பிடித்து மாற்ற முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று ஃபைலில் இல்லை.

சாலிட் எட்ஜ் நிமிர்ந்து நிற்பது இந்த இடத்தில்தான். 2008-ல் சீமென்ஸ் கொண்டுவந்த ‘சின்க்ரோனஸ் டெக்னாலஜி’, வரலாறு இல்லாத மாடலிலும் முகப்பைப் பிடித்து இழுத்து, அளவைத் தட்டி மாற்ற விடுகிறது. சாலிட்வொர்க்ஸிலும் இன்வென்டரிலும் நேரடியாகத் திருத்தும் வசதி இருக்கிறது. ஆனால் சாலிட் எட்ஜில் அதுதான் அடிப்படை, மற்ற இரண்டில் அது கூடுதல் கருவி. வெளியில் இருந்து வரும் ஸ்டெப் ஃபைலைத் திருத்துவதே தினசரிப் பிழைப்பு என்றால் இந்த வித்தியாசம் பெரியது. கஸ்டமர் என்எக்ஸ் என்றால் இன்னொரு லாபம்: என்எக்ஸும் பாராசாலிட்தான் என்பதால், பாராசாலிட் ஃபைலாகக் கேட்டு வாங்கினால் மொழிபெயர்ப்பே இல்லாமல் வடிவம் வந்துவிடும். இது சாலிட்வொர்க்ஸுக்கும் பொருந்தும்.

கேட்டியா ஃபைலை நேரடியாகத் திறக்கும் வசதி வேண்டுமா? இன்வென்டரில் அது ‘எனிகேட்’ என்ற பெயரில் இருக்கிறது. சாலிட்வொர்க்ஸில் மேல் அடுக்கான பிரீமியத்தில்தான் வரும். டீலர் தரும் கொட்டேஷனில் எந்த அடுக்குக்கு விலை போட்டிருக்கிறார் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், பிறகு அந்த ஒரு வசதிக்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டி வரும்.

ஒரு பெட்டி, மூன்று அளவு

ஷீட் மெட்டல் வேலை செய்கிறவர்களுக்கு அரை மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. தகடு வளையும்போது வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும், நடுவில் ஒரு கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கும். அந்தக் கோடு தகட்டின் தடிமனில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் கே-ஃபேக்டர். வெட்ட வேண்டிய தகட்டின் நீளத்தை சாஃப்ட்வேர் கணக்கிடுவது இதை வைத்துத்தான்.

சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்ததும் தானாக வரும் எண்ணை யாரும் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். சாலிட்வொர்க்ஸில் அது பொதுவாக 0.5. இன்வென்டரில் 0.44. சாலிட் எட்ஜில் 0.33. தகடு 2 மில்லிமீட்டர், உள் ஆரம் 2 மில்லிமீட்டர், 90 டிகிரி வளைவு. கணக்குப் போட்டால் வளைவுக்கான நீளம் சாலிட்வொர்க்ஸில் 4.71 மில்லிமீட்டர், இன்வென்டரில் 4.52, சாலிட் எட்ஜில் 4.18. முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஒரு வளைவுக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். நான்கு வளைவு உள்ள பெட்டி என்றால் 2 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். மூடி உட்காராது.

மூன்று சாஃப்ட்வேரும் தப்பில்லை. மூன்றும் பொதுவான ஒரு எண்ணை வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். சரியான எண் கடையில் இருக்கும் பெண்டிங் மெஷினில் இருக்கிறது. அளந்து வெட்டிய ஒரு துண்டுத் தகட்டை அந்த மெஷினில் வளைத்து, வளைத்த பிறகு அளந்து, கணக்குப் போட்டு, அந்த எண்ணை சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும். தகட்டின் வகை, தடிமன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. ‘புது சாஃப்ட்வேர் வந்ததில் இருந்து பெட்டி சேரவே மாட்டேங்குது’ என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பழைய டிராயிங் எவ்வளவு இருக்கிறது?

அலமாரி நிறைய ஆட்டோகேட் டிராயிங் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இன்வென்டர் இயல்பான அடுத்த படி. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆட்டோகேடின் டிடபிள்யூஜி ஃபைலிலேயே இன்வென்டர் டிராயிங்கைச் சேமிக்கலாம். அதைவிட, ஒரே மாதிரியான பொருளை அளவு மட்டும் மாற்றித் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கு இன்வென்டரின் ‘ஐலாஜிக்’ பெரிய உதவி. கன்வேயரின் நீளம் 3 மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு கால் சேர்க்க வேண்டும் என்பது போன்ற விதியை எழுதி வைத்துவிட்டால், நீளத்தை மாற்றியதும் மாடல் தானாக மாறிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி, ரேக், கன்வேயர் செய்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

சாலிட்வொர்க்ஸின் பலம் ஆட்கள். ஏனாத்தூரிலேயே ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றிலும் இன்ஜினியரிங், பாலிடெக்னிக் கல்லூரிகள். மெக்கானிக்கல் முடித்து வரும் பையன்களின் ரெஸ்யூமில் சாலிட்வொர்க்ஸ் என்ற பெயர் அதிகம் கண்ணில் படும். கோர்ஸ் நடத்தும் இன்ஸ்டிட்யூட்டுகளும், தமிழிலேயே கிடைக்கும் யூடியூப் பாடங்களும் அதற்குத்தான் அதிகம். இருக்கிற ஒரே டிசைனர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அடுத்த வாரமே ஆள் பிடிக்க முடியுமா என்பது சிறு நிறுவனத்துக்கு உயிர்ப் பிரச்சினை. சாலிட் எட்ஜுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் ஒன்றை நன்றாகக் கற்றவர் இன்னொன்றுக்கு மாறச் சில வாரங்கள் போதும். ‘சாலிட் எட்ஜ் தெரிந்தவர்’ என்று தேடுவதைவிட, டிராயிங் படிக்கவும் டாலரன்ஸ் போடவும் தெரிந்தவரைத் தேடுவது புத்திசாலித்தனம்.

டிட்கோ சார்பில் சென்னை டைடல் பார்க்கில் 2022-ல் திறக்கப்பட்ட மையங்களில் டான்சாம் சீமென்ஸுடனும், டான்கேம் டசால்ட்டுடனும் இணைந்தவை. இரண்டு பக்கத்துச் சாஃப்ட்வேரையும் ஒரே வளாகத்தில் பார்க்க நினைப்பவர்களுக்கு இது உபயோகமான தகவல்.

வாடகையா, சொந்தமா?

முன்பெல்லாம் ஒரு தடவை பணம் கட்டி வாங்கினால் அந்தப் பதிப்பு ஆயுசுக்கும் சொந்தம். ஆட்டோடெஸ்க் 2016-ல் இந்த முறையில் புது லைசென்ஸ் விற்பதை நிறுத்திவிட்டது. இன்வென்டர் இப்போது சப்ஸ்கிரிப்ஷன் மட்டும்தான், அதாவது வாடகை. கட்டுவதை நிறுத்தினால் சாஃப்ட்வேர் திறக்காது. ஃபைல்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், ஆனால் திருத்த முடியாது. சொந்தமாக வரைந்த டிராயிங்கைத் திருத்த இன்னொருவருக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும் என்பதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

மற்ற இரண்டிலும் சொந்த லைசென்ஸ், வாடகை என்று இரண்டு முறையும் விற்பனையில் இருந்து வந்திருக்கின்றன. விற்பனை முறை அடிக்கடி மாறுவதால் டீலரிடம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குவது பாதுகாப்பு. சொந்த லைசென்ஸிலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதை நிறுத்தினால் பழைய பதிப்பிலேயே நின்றுவிடுவீர்கள். புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது என்பது இந்தத் துறையின் பழைய தலைவலி. சாலிட்வொர்க்ஸ் மட்டும் 2024 பதிப்பில் இருந்து முந்தைய இரண்டு பதிப்புகள் வரை கீழிறக்கிச் சேமிக்க விடுகிறது. அதற்கும் பராமரிப்புக் கட்டணம் நடப்பில் இருக்க வேண்டும்.

அதனால் கொட்டேஷனை முதல் வருஷத்துக்கு மட்டும் வாங்கக் கூடாது. மூன்று சீட், ஐந்து வருஷம், பராமரிப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து மொத்தமாகக் கேட்க வேண்டும். சாஃப்ட்வேருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவு பெற்ற நிறுவனங்கள் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

‘கிராக்’ போட்டால் என்ன?

‘எல்லாரும் கிராக் வெர்ஷன்தான் சார் போடறாங்க’ என்பது தொழிற்பேட்டைகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. சட்டம் அப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக நோக்கம் இல்லை என்றால் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம். ஆனால் கம்பெனி நடத்துகிறவர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. போதாக்குறைக்கு, கிராக் சாஃப்ட்வேரோடு வரும் வைரஸ் கஸ்டமரின் ரகசிய டிராயிங்கைக் கொண்டு போனால் போகப்போவது கஸ்டமரே.

படிக்கிற தம்பியின் ஸ்டூடன்ட் லைசென்ஸை ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்துவதும் தப்புதான். சாலிட் எட்ஜில் மாணவர் பதிப்பில் செய்த ஃபைல் வணிகப் பதிப்பில் திறக்கவே திறக்காது. மாணவர்களுக்கோ இது நல்ல செய்தி. இன்வென்டர், சாலிட் எட்ஜ் இரண்டும் மாணவர்களுக்கு இலவசம். இன்ஸ்டிட்யூட்டில் பணம் கட்டும் முன் வீட்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடலாம்.

பணமே இல்லை என்றால்?

ஃப்ரீகேட் இருக்கிறது. திறந்த மூல சாஃப்ட்வேர், வணிகத்துக்கும் இலவசம், சட்டச் சிக்கல் கிடையாது. 2002-ல் தொடங்கிய திட்டம், 1.0 என்ற பதிப்பு எண்ணைத் தொட 2024 நவம்பர் வரை ஆனது. முன்பு பழைய ஸ்டெப்பில் ஒரு துளை சேர்த்தால் பின்னால் செய்தவை எல்லாம் இடம் மாறிக் குழம்பிப்போகும். அந்தக் குறையை 1.0 பெருமளவு குறைத்திருக்கிறது. பெரிய அசெம்பிளிக்கு இன்னும் போதாது. சாதாரண ஃபிக்ஸ்சர், பிராக்கெட் வேலைக்குத் தாராளமாக ஓடும். டிசைனருக்கு விலை கொடுத்த சாஃப்ட்வேர், ஷாப் ஃப்ளோரில் ஸ்டெப் ஃபைலைத் திறந்து அளவு பார்க்க ஃப்ரீகேட் என்று வைத்துக்கொண்டால் ஒரு சீட் மிச்சம்.

ஆட்டோடெஸ்க் ஃப்யூஷன், நடுத்தர வகையைவிடக் குறைந்த செலவில் டிசைனும் சிஎன்சி புரோகிராமும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்குப் பொருந்தும். இதன் இலவசப் பதிப்பு தனிநபர் பயன்பாட்டுக்கானது, கம்பெனிக்கு அல்ல. பிரவுசரிலேயே ஓடும் ஆன்ஷேப், சாலிட்வொர்க்ஸைத் தொடங்கிய அதே ஹிர்ஷ்டிக் 2012-ல் தொடங்கியது. 2019-ல் பிடிசி வாங்கிவிட்டது. இதன் இலவசக் கணக்கில் வரையும் எல்லாமே உலகம் பார்க்கும்படி பொதுவில் இருக்கும். கஸ்டமரின் டிராயிங்கை அதில் ஏற்றினால் கதை முடிந்தது.

டெமோவில் ஏமாறாமல் இருக்க

டீலர் லேப்டாப்பில் காட்டும் டெமோ எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும். அவர் ஆயிரம் தடவை செய்து பழகிய மாடல் அது. இன்வென்டர், சாலிட் எட்ஜ் இரண்டும் 30 நாள் சோதனைப் பதிப்பு தருகின்றன. சாலிட்வொர்க்ஸை டீலர் மூலம் கேட்டு வாங்கலாம். அந்த நாட்களில் நிறுவனத்தின் சொந்த வேலை ஒன்றை, அதுவும் போன வருஷம் அதிகமாகத் தலைவலி கொடுத்த வேலையை, முதலில் இருந்து செய்து பார்க்க வேண்டும். கஸ்டமர் அனுப்பிய நிஜமான ஸ்டெப் ஃபைலைத் திறந்து இரண்டு திருத்தம். தகட்டை விரித்து லேசர் கட்டிங்குக்கு ஒரு டிஎக்ஸ்எஃப். கடையில் வெட்டி வளைத்து அளந்து பார்ப்பது. இருக்கிற கம்ப்யூட்டரிலேயே பெரிய அசெம்பிளி ஒன்று. மாடலிங் வேலை பெரும்பாலும் பிராசஸரின் ஒரு கோரின் வேகத்தை நம்பியது, அதனால் கோர் எண்ணிக்கையைக் காட்டி விற்கும் விலை உயர்ந்த மெஷின் எதிர்பார்த்த வேகத்தைத் தராது.

டிசைனர்கள் இதைச் செய்யட்டும். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

எதை வாங்கினாலும் முதல் நாளில் இருந்தே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு பார்ட்டும் கஸ்டமரின் ஒப்புதல் பெற்றதும் அதன் ஸ்டெப் ஃபைல், பிடிஎஃப் டிராயிங், ஷீட் மெட்டல் என்றால் விரித்த டிஎக்ஸ்எஃப் மூன்றையும் திருத்த எண்ணோடு தனி ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரின் நகலை ஆபீஸுக்கு வெளியே இன்னொரு இடத்தில் வைக்க வேண்டும். லைசென்ஸ் முடிந்த நாளிலும் அந்த மூன்று ஃபைலும் திறக்கும்.